வேலியில் நிற்கும் வெருகு

மாசி பாதி தாண்டிவிட்டது. ஓசூரில் காலை எட்டு மணி வரைக்கும் இன்னும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. பதினொரு மணிக்கு அதே ஸ்வெட்டரைக் கழற்றி எங்கே போட்டோம் என்று தேட வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை. வீட்டில் நானும் இரண்டு பூனைகளும்தான். மிளகு ஜன்னலோரம் வெயில் விழும் தரையில் படுத்திருக்கிறாள். வெயில் ஒரு அடி நகர்ந்தால் அவளும் ஒரு அடி நகர்வாள், கண்ணைத் திறக்காமலே. தயிருக்கு நான் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறேனோ அதன் மேல்தான் உட்கார வேண்டும்.

அன்றைக்குத் திறந்திருந்தது குறுந்தொகை, உ.வே.சா. உரையோடு 1937-இல் வந்த பதிப்பின் மறு அச்சு. தேடிப் போனது 338-ஆம் பாட்டை. பருவம் மாறும்போது அந்தப் பருவத்துப் பாட்டை எடுத்துப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வருஷத்தை ஆறாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கார்காலத்துக்குப் பாட்டு அள்ள அள்ளக் கிடைக்கும். பின்பனியைப் பெயர் சொல்லிப் பாடியது என் கண்ணில் பட்டவரை குறைவு. பெருங்குன்றூர் கிழார் பாடியிருக்கிறார்.

அந்தப் பாட்டில் பெரிதாக ஒன்றும் நடக்காது. முறுக்குக் கொம்புள்ள ஆண் இரலை தன் பிணையோடு நிழலில் ஒதுங்குகிறது. பூ நிறைந்த புதருக்குள் தூங்குகிறது. பொழுது போனதும் எழுந்து பயறு கறிக்கிறது. பின்பனியின் கடைசி நாட்கள், மாலை நேரம், குளிர். தேர் வந்துவிட்டது, வீட்டில் இருப்பவளின் தனிமை தீரட்டும் என்று பாட்டு முடிந்துவிடுகிறது.

ஆனால் தொல்காப்பியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் கொடுத்துவிட்டு, பின்பனியும் அதற்கு உரியதுதான் என்று ஒரு குட்டி நூற்பாவில் சேர்க்கிறார் தொல்காப்பியர். பாலை என்றால் பிரிவு. வெயில் கொளுத்தும் திணைக்குப் பனிக்காலம் எதுக்கு என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். ஓசூர் மாசியில் அது கொஞ்சம் புரிகிறது. காலையில் பனி, மதியம் சுள்ளென்று வெயில். மழைக்காலச் சேறெல்லாம் காய்ந்து பாதை நடக்கத் தோதாகிவிட்டது. கிளம்புகிறவன் கிளம்புவதற்கு இதுதான் சமயம் (இது என் ஊகம், உரைகாரர் தலையில் கட்டவில்லை). எல்லாரும் கிளம்பக்கூடிய அந்தப் பருவத்தில் ஒருத்தன் திரும்பி வருகிறான். 338-ஐப் படிக்கும்போது வரும் நிம்மதிக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் தயிர் வந்து 338-இன் மேல் உட்கார்ந்துவிட்டான். பூனை உட்கார்ந்திருக்கும் இந்தப் புத்தகத்துக்குள் பூனை எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். உடனே ஞாபகம் வந்தது 220. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது.

வெட்கத்துக்குக் காரணம் இது. சில வருஷத்துக்கு முன் மிளகு கொட்டாவி விடும் போட்டோவோடு அந்தப் பாட்டைச் சேர்த்து ஒரு சின்னக் குறிப்பு எழுதினேன். 220-இல் முல்லை மொட்டுகளை வெருகு சிரித்த மாதிரி இருப்பதாக ஒக்கூர் மாசாத்தியார் சொல்கிறார். அதை வைத்துக்கொண்டு, சங்க காலத்திலேயே நம் வீடுகளில் பூனை செல்லமாக வளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் அதன் சிரிப்பை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அடித்துவிட்டேன். நிறைய பேர் ரசித்தார்கள். இப்படிப்பட்ட பேச்சு வாட்ஸப்பிலும் அவ்வப்போது சுற்றும்: இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்மிடம் அது இருந்தது, இது இருந்தது. நானும் என் பங்குக்கு ஒன்றைச் சுற்றவிட்டவன். ஒரு பாட்டை, அதிலும் ஒரே ஒரு உவமையை வைத்து. அலுவலகத்தில் ஒரே ஒரு டெஸ்ட் கேஸை வைத்து ஜூனியர் யாராவது கோடு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சரி, இன்றைக்காவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சங்க நூல்களின் மூலம் முழுவதும் என்னிடம் டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கிறது. வேற்றுமை உருபு சேர்ந்து சொல் உருமாறும் என்பதால் முழுச் சொல்லைத் தேடாமல் 'வெரு' என்று மட்டும் கொடுத்துத் தேடினேன். தேடினால் பாதிக்குப் பூனை வருகிறது, மீதிக்குப் பயம் வருகிறது. வெருவுதல், வெரூஉம், வெரீஇ எல்லாம் அஞ்சுவது. வெருகும் வெருவும் ஒரே வேரா என்கிற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை, அதற்கு எனக்குத் தகுதி இல்லை. ஆனால் காதுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். புலவர்களுக்கும் அது தெரியும். புறநானூறு 326-இல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் தங்கால் பொற்கொல்லனார்.

அந்த 326-இன் காட்சி அருமையானது. ஊரின் பழைய வேலி. அதில் பதுங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் வெருகு. இருட்டில் அதைக் கண்டு நடுங்கிக் கத்துகிறது ஓர் இளம்பெட்டை. பருத்தி நூற்கும் பெண் ஒருத்தி, பஞ்சிலிருக்கும் செத்தையைத் தட்டுவதற்காக அந்த நேரத்தில் எழுந்திருக்கிறாள். அவளுடைய சின்ன விளக்கு வெளிச்சத்தில் முருக்கம்பூக் கொண்டையோடு சேவல் கண்ணில் படுகிறது. பெட்டை அடங்குகிறது. பாட்டு உண்மையில் ஒரு வீரனின் எளிய வீட்டைப் பற்றியது. ஆனால் அந்த இரவு வீட்டுக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போவது வேலியில் இருக்கும் வெருகுதான்.

குறுந்தொகை 139-இலும் அதே வேலி. சாயங்காலம் வேலிப்பக்கம் வெருகு வந்துவிட்டது. வீட்டுக்கோழி, குட்டைக் கால் பேடை, எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் கூட்டமாய் நிற்கும் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அந்தக் கூவல் மாதிரி காதில் கடுமையாக விழுகிற ஊர்ப்பேச்சோடு எங்கள் தெருவுக்கு வராதே ஐயா, நல்லா இரு, என்று பரத்தையிடமிருந்து திரும்பி வந்தவனைத் தோழி வாசலிலேயே நிறுத்துகிறாள்.

107-இல் வெருகு வேலியையும் தாண்டிவிடுகிறது. மதுரைக் கண்ணனார் பாட்டு. அதிகாலையில் கூவி, காதலனோடு இருந்தவளின் தூக்கத்தைக் கலைத்த சேவலுக்கு அவள் சாபம் விடுகிறாள்: நடுச்சாமத்தில் வீட்டு எலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வெருகுக்குட்டிக்கு நீ வைத்துத் தின்னும் இரையாகிப் போ! ஒரே வாயில் தீர்ந்துபோகாமல், கொஞ்சம் கொஞ்சமாக. சங்கப் பெண்களுக்குக் கோபம் வந்தால் விவரம் தெரிந்த கோபமாகத்தான் வரும்.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ரெண்டு விஷயம் உறைத்தது. முதலாவது, நான் எழுதியது தப்பு. யாரும் வெருகை மடியில் வைத்துக் கொஞ்சவில்லை. கோழிக்கும் குஞ்சுக்கும் எமன் அது. இரண்டாவது, உரைகளில் வழக்கமாகப் போடுகிற பொருளும் என்னைப் போன்ற வாசகனைக் கொஞ்சம் தடம் மாற்றுகிறது. வெருகு என்றால் காட்டுப்பூனை என்று உரை சொல்லும். சொல் சரிதான். ஆனால் 'காடு' என்று படித்ததும் மனசு ஊரை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது, அடர்ந்த மரம், மலை, இருட்டு என்று. பாட்டுகள் காட்டும் இடம் அது இல்லை. வேலி, கோழிக்கூடு, எலி ஓடும் வீடு. நமக்கு அடுத்த பக்கத்து வீட்டுக்காரன்.

விலங்கியலும் இதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் காட்டுப்பூனை என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஜங்கிள் கேட். அந்தப் பெயரும் அதே தப்பைத்தான் செய்கிறது. ஃபெலிஸ் சாவுஸ் என்கிற இந்த இனம் அடர்காட்டை விரும்புவதில்லை. நாணல், புதர், புல்வெளி, கரும்புத் தோட்டம் போன்ற இடங்களில்தான் இருக்கும். எலிதான் பிரதான சாப்பாடு, எலி மனிதன் தானியம் சேர்க்கும் இடத்தில் இருக்கிறது, அதனால் இதுவும் வயலோரத்தில். நீண்ட கால், கொஞ்சம் குட்டையான வால், காது நுனியில் சின்னதாக ஒரு கறுப்புக் குஞ்சம். ராத்திரி கோழியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு என்று கிராமத்தில் இன்றும் திட்டு வாங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

மிளகும் தயிரும் வேறு வம்சம். 2007-இல் சயன்ஸ் இதழில் வந்த மரபணு ஆய்வின்படி உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாமே மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை வழி வந்தவை. அதாவது நம் வெருகு பழகிப் பழகி வீட்டுப்பூனை ஆகவில்லை. வீட்டுப்பூனை வெளியிலிருந்து வந்த விருந்தாளி, வெருகு இங்கேயே இருந்த உள்ளூர்க்காரன். சுவாரஸ்யம் என்னவென்றால், தொல்காப்பிய மரபியலில் வெருகைப் பூசை என்று சொல்வதும் உண்டு என்று ஒரு குறிப்பு வருகிறது. வழக்கில் அப்படியும் சொல்கிறார்கள், தள்ள முடியாது என்கிற தொனியில். பிற்பாடு கம்பர் அவையடக்கத்தில், பாற்கடலையே நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூசையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். பாலுக்கு ஆசைப்படும் பூசை வேலியில் கோழிக்குப் பதுங்கும் பூசை இல்லை, அடுப்படிப் பூனை. வேலியில் நின்றவனின் பெயர் உள்ளே வந்தவனுக்குப் போய்விட்டது. இடையில் எப்போது, எப்படி என்பது தனியாகத் தேட வேண்டிய விஷயம். பாரதி முரசுப் பாட்டில் பல நிறக் குட்டிகள் போட்ட வெள்ளைப் பூனையைச் சாதிக்கு எதிரான வாதமாகக் கொண்டு வரும்போது அது வீட்டில் வளரும் பூனை. அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது 220-க்குத் திரும்பலாம். உண்மையில் நான் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பாட்டுக்குத்தான்.

முதலில் ஒரு விஷயம். 220-ஐயும் 139-ஐயும் பாடியது ஒரே ஆள். ஒக்கூர் மாசாத்தியார். அவர் பெயரில் நமக்குக் கிடைத்திருப்பது மொத்தமே எட்டுப் பாட்டு, குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. அந்த ஒன்றுதான் பள்ளிப் பாடத்தில் வந்த, பையனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரிப் போருக்கு அனுப்பும் தாயின் பாட்டு. அதனால் அவரை நமக்கு வீரத்தாயைப் பாடியவராக மட்டுமே தெரியும். எட்டில் இரண்டில் வெருகு வருகிறது, இரண்டிலும் சாயங்காலம். 139-ஐப் பாடியவருக்கு அந்த நேரத்தில் வெருகு வேலிக்கு எதற்கு வரும் என்று நன்றாகத் தெரியும். அவரேதான் 220-இல் அது சிரிக்கிறது என்கிறார். அதைக் கொஞ்சலாக நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

பாட்டின் நிலம் இது. பழைய மழையில் தழைத்த வரகுக் கொல்லை. இரலை மேய்ந்து தலை போன தாள்கள் நிற்கின்றன (338-இல் பயறு கறித்த அதே இரலை, இங்கே வரகு). அந்தத் தாள்களின் பக்கத்தில் முல்லை பூக்கிறது, மொட்டு வெருகு சிரித்தது போல. வண்டு சூழும் மாலை வந்துவிட்டது. பொருளுக்காகப் போனவர் வரவில்லை, பார்த்தாயா தோழி.

முல்லை மொட்டைப் பல்லோடு ஒப்பிடுவது தமிழில் மிகப் பழகிய உவமை. ஆனால் வழக்கமாக அது பெண்ணின் பல், பெண்ணின் சிரிப்பு. முல்லை போன்ற பல் என்று காதலன் கொஞ்சுவான். மாசாத்தியார் அந்தப் பழகிய உவமையை எடுத்து, பெண் இருக்க வேண்டிய இடத்தில் பூனையை வைத்துவிடுகிறார். அவன் இருந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள், மொட்டு அவள் பல்லாக இருந்திருக்கும். அவன் இல்லை. சாயங்காலம் வேலிப்பக்கம் சிரிப்பது வேறு ஒன்று.

இது என் அதீதக் கற்பனையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பாட்டின் மற்ற பகுதி மணமாக, பசுமையாகத்தானே இருக்கிறது? சந்தேகத்தைத் தீர்த்தது குறுந்தொகை 162, கருவூர்ப் பவுத்திரனார் பாட்டு. அதில் தனியாக வரும் ஆண் ஒருவன் முல்லையைப் பார்த்துச் சண்டைக்குப் போகிறான்: உன் வெள்ளை மொட்டைக் காட்டி என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நிற்கிறாயே, தனியாக இருக்கிறவர்களிடம் இப்படிச் செய்வது தகுமா? அப்படியென்றால் மாலையில் முல்லை தனித்தவரைப் பார்த்துச் சிரிக்கும், அந்தச் சிரிப்பு சுடும் என்பது அந்தக் கவிதை உலகத்தில் தெரிந்த விஷயம்தான். பவுத்திரனார் அதை நேராகக் கேட்டுவிடுகிறார். மாசாத்தியார் கேட்கவில்லை, 'வெருகு' என்ற ஒரு சொல்லை வைத்துவிட்டு வண்டைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவிதை.

சரி, பூனை சிரிக்குமா? இதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு நேரடி அனுபவம். போன கார்த்திகையில் தெருப்பூனை ஒன்று எங்கள் மோட்டார் ரூமில் குட்டி போட்டது. குட்டிகள் ஒரு மாதம் ஆனபோது, மழை உள்ளே அடிக்கிறதே என்று ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். உள்ளங்கை அளவு இருக்கும். காதை மடக்கி, உதட்டின் இரண்டு ஓரத்தையும் பின்னால் இழுத்து, வாயைத் திறந்து சீறியது. பற்கள் ஊசி மாதிரி, வெள்ளையாக, ஈரமாக. முகத்தின் அசைவை மட்டும் பார்த்தால், சத்தத்தைக் கழித்துவிட்டால், அது அப்படியே சிரிப்பு. மிளகின் கொட்டாவியிலும் பல் தெரியும், ஆனால் அதில் கண் மூடியிருக்கும். இது நம்மைப் பார்த்துச் சிரிப்பது.

அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது 220 இல்லை, கபிலர். புறநானூறு 117-இல் அவர் முல்லை மொட்டுக்கு உவமை சொல்வது வெருகுக்குட்டியின் முள் போன்ற பல்லை. மோட்டார் ரூமில் பார்த்த எனக்கு அந்த 'முள்' எவ்வளவு சரி என்று தெரியும். வளர்ந்த பூனையின் கோரைப்பல்லை முள் என்று சொல்லத் தோன்றாது, குட்டியின் பால்பல்லைத்தான் சொல்லத் தோன்றும். கபிலர் எங்கோ ஒரு புதருக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறார், ஒரு குட்டி அவரைப் பார்த்துச் சீறியிருக்கிறது என்றே நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பாட்டு எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாரி போய்விட்டான். அவன் மகள்கள் கபிலரோடு இருக்கிறார்கள். சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தெற்கே போனாலும் மழை தவறாத நாடு இது, வயல் நிறையும், பூ மலரும், பசு கன்று போடும், முல்லை குட்டி வெருகின் பல் மாதிரி மொட்டு விடும், இந்தப் பெண்களின் அப்பாவுடைய நாடு, என்கிறார். நாட்டைச் சொல்கிறார், அதை ஆண்டவன் இல்லை என்பதைச் சொல்லவே இல்லை. அவ்வளவு வளத்தின் நடுவில், கடைசியில், கண்ணுக்குத் தெரிவது சின்னதாக ஒரு பல். கபிலர் அதைப் பயமாக வைத்தாரா, துளிர்க்கும் உயிராக வைத்தாரா என்று எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. மாசாத்தியார் பாட்டில் என் தீர்ப்பு உறுதி. இங்கே இல்லை. 'பிள்ளை' என்ற சொல் பாட்டை வேறு பக்கம் இழுக்கிறது, அந்த இரண்டு பெண்களின் பக்கம்.

பழைய குறிப்பைத் திறந்து, வீட்டில் செல்லமாக வளர்த்தார்கள் என்ற வரியை அடித்துவிட்டு, 139, 107, 326 மூன்றின் எண்களையும் சேர்த்தேன். மிளகின் கொட்டாவிப் போட்டோவை எடுக்க மனசு வரவில்லை. கீழே, இது வெருகு இல்லை, என்று மட்டும் எழுதினேன்.

மணி ஆறேகால். வெயில் போனதும் மிளகு எழுந்து உடம்பை நெளித்துவிட்டு ஜன்னல் கம்பிக்கு வந்துவிட்டாள். தயிரும் குறுந்தொகையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில். ரெண்டு பேர் காதும் முன்னால் நிற்கிறது. காம்பவுண்டுச் சுவரில், மோட்டார் ரூம்காரி. கிண்ணத்தில் சோறும் கருவாடும் வைத்துவிட்டு நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் அவள் இறங்குவாள்.